குணநாயகத்தார் சொல்லாத சொல்

"சிஸ்ரர், இந்தச் சொல்லை விட்டிட்டு வேற சொல்லுத் தாங்கோ."

கதவுக்குள்ளே கால் வைக்கும்போதே குணநாயகத்தார் சொல்லிவிட்டார். வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

சிஸ்ரர் மெற்றில்டா திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் பீடத்துக்கு விரிக்கிற வெள்ளைத் துணியை ஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தா.

"இதைச் சொல்லுங்கோ. அடுத்ததைத் தாறன்."

"சொல்லமாட்டன்."

"அப்ப இதுதான்."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதே கதைதான் பாருங்கோ. அவர் கேட்பார், அவ மறுப்பா. ஞானோபதேசப் பிள்ளைகள் இருக்கிற சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் இடிக்கக் குந்தியிருந்து, நேரம் முடியும்வரை சண்டை பிடித்துவிட்டுப் போவார். அடுத்த திங்கள் பிந்தாமல் திரும்பவும் வந்து நிற்பார். அந்த மனிசன் தொட்டதை விடுகிற ஆள் இல்லை.

சொல் என்ன சொல்? பெரிய சொல் ஒன்றும் இல்லை. இத்தாலியில் நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரிந்த சொல். அந்தாரே. போவது என்று அர்த்தம்.

நீ போகிறாய், அவன் போகிறான், அவர்கள் போகிறார்கள் என்றால் எல்லாம் அவருக்கு வரும். தூ வாய், லூய் வா, லோரோ வான்னோ என்று பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லுகிற மாதிரி ஒப்புவிப்பார். 'நான் போகிறேன்' என்ற இடத்துக்கு வந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். இயோ வாதோ. இரண்டே சொல். தலைகீழாக நின்றாலும் வராது. வராது என்றில்லை, விடமாட்டார்.

குணநாயகத்தார் வட்டுக்கோட்டை ஆள். ஐம்பத்தாறு வயது. பலெர்மோவுக்கு வந்து தலை நரைத்ததே தவிர, பாஷை வரவில்லை. பழைய மாளிகை வீடுகளில் மாடிப்படி கழுவுகிற வேலை. மாடிப்படி ஆரோடும் கதைக்காது. வாளி, தும்புத்தடி, நாளைக்கு, சரி சினோரா. இவற்றை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

வினைச்சொல் ஏதாவது தேவைப்பட்டால் அகராதியில் கிடக்கிறபடியே தூக்கிப் போடுவார். நான் சாப்பிடுதல். நான் கழுவுதல். நான் நாளைக்கு வருதல். வீட்டுக்காரர்களும் விளங்கிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

சிஸ்ரர் மெற்றில்டா மன்னார்ப் பிள்ளை, கன்னியாஸ்திரி. அவருடைய மகனின் வயதுதான் இருக்கும். மெல்லிசான ஆள், கதை குறைவு. பாஷை வராமல் தடுமாறுகிற எங்கட ஆக்களுக்குக் கோயிலின் பின்னறையில் சொல்லிக்கொடுக்கிறவ. புத்தகமும் இல்லை, கரும்பலகையும் இல்லை. துணி மினுக்குவா, மடிப்பா, இடைக்கிடை ஒரு சொல் சொல்லுவா. ஆனால் அவவிடம் படித்தவர்கள் பொலிஸ் கந்தோரிலும் ஆசுப்பத்திரியிலும் நிமிர்ந்து நின்று கதைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. குணநாயகத்தார் சைவம். நெற்றியில் திருநீற்றோடுதான் வந்து அவவின் முன்னால் இருந்தார்.

இந்த வயதில் என்ன படிப்பு என்று கேட்பீர்கள். அதைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

அவருக்கு ஒரே மகன், சேந்தன். இத்தாலியில் வளர்ந்த பெடியன். குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன். கியாரா என்ற இத்தாலிக்காரப் பிள்ளையைக் கட்டப்போகிறேன், பொலோனியாவில் வேலையும் கிடைத்துவிட்டது என்று வந்து நின்றான். குணநாயகத்தார் சம்மதிக்கவில்லை. வீடு பல நாள் புகைந்தது. கடைசியில் ஒரு காலைநேரம் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "அப்பா, நான் போறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

போறன்.

எங்கட சனத்தில் ஆராவது வாசலில் நின்று அப்படிச் சொல்லுவார்களோ? முக்குக் கடைக்குப் போனாலும் போட்டு வாறன், போய்விட்டு வருகிறேன் என்றுதான். கப்பல் ஏறினாலும் போட்டு வாறன். வாறன் என்று சொல்லாமல் வெளிக்கிடுகிறது செத்த வீட்டிலிருந்து மட்டும்தான். பெற்ற தகப்பன் வீட்டைச் செத்த வீடாக்கிவிட்டுப் போனானே என்று குணநாயகத்தார் கொதித்தார்.

மகன் கலியாணம் கட்டினான். இவர் போகவில்லை. பேத்தி பிறந்தாள். அதற்கும் இவர் போகவில்லை. மனைவி தவமணி மட்டும் ஒவ்வொரு ஓகஸ்ட்டும் பொலோனியாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவா. சொன்னவன் அவன், அவனே வந்து வாசலில் நிற்கட்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார்.

அப்படி இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தவமணி போனை வெளியே கேட்கிற மாதிரிப் போட்டுவிட்டுப் பேத்தியோடு கதைத்துக்கொண்டிருந்தா. பேத்தி ஜூலியாவுக்கு ஆறு வயது. பக்கத்துச் சோபாவில் இவர் பேப்பர் பார்க்கிற சாட்டில் இருந்தார். காது முழுக்க அங்கேதான். பாழாய்ப்போன இருமல் ஒன்று வந்துவிட்டது.

ஆர் இருமினது என்று பிள்ளை கேட்டது. அது உன்ர அப்பப்பா, நொன்னோ, என்று தவமணி சொன்னா.

பிள்ளை சிரித்தது. அந்தப் பக்கம் எனக்கு நொன்னோ இல்லை, நொன்னா மட்டும்தான் என்றது. கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் சீனி இல்லை என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னது.

அவ்வளவு இத்தாலியன் அவருக்கு விளங்கும். நான் இருக்கிறன் என்று சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே கிடந்ததெல்லாம் வாளியும் தும்புத்தடியும்தான்.

போனை வைத்துவிட்டுத் தவமணி இன்னொன்றும் சொன்னா. கோடை முடிய அவர்கள் ஜேர்மனிக்குப் போகிறார்கள். சேந்தனுக்கு அங்கே நல்ல வேலை. பிள்ளை அங்கேதான் பள்ளிக்கூடம் போகப்போகுது.

குணநாயகத்தார் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். கோடை முடியமுதல் அந்தப் பிள்ளையோடு நாலு வசனம் கதைக்க வேண்டும். அதை விட்டால் பிறகு ஜேர்மன் பாஷையிலும் தனக்கு நொன்னோ இல்லை என்றுதான் பிள்ளை சொல்லும்.

இப்படி வந்த மனிசனுக்குத்தான் சிஸ்ரர் முதல் நாளே அந்தாரேயைத் தூக்கிக் கொடுத்தா.

அவர் தன் வீட்டுக் கதை முழுவதையும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு ஒரு அப்பப்பா பேத்தியோடு கதைக்கிற சொல்லுகளைத் தாங்கோ, இந்தச் சொல் எங்கட வீட்டில் புழங்குகிறதில்லை என்றார். சிஸ்ரர் கேட்டுக்கொண்டே ஒரு துணியை மடித்து அடுக்கில் வைத்தா. பிறகு இன்னொன்றை எடுத்தா.

அவர் பேரம் பேசிப் பார்த்தார். 'வாறன்' என்றதையும் கூடவே சேர்த்துத் தாங்கோ, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன் என்றார். அது வேறு வினைச்சொல், அடுத்ததில் வரும் என்று சிஸ்ரர் சொல்லிவிட்டா.

சொல்லிலேயே குற்றம் கண்டுபிடித்தும் பார்த்தார். அந்தாரே என்று தொடங்குகிற சொல், நான் என்றவுடன் எப்படி வாதோ ஆகும்? அந்த 'அந்' எங்கே துலைந்தது? அதைவிட, அவன் போகிறான் என்பதற்கு 'வா' என்கிறாங்களே, வா என்றால் வாறதல்லவோ, இது எந்த ஊர் நியாயம்? சிஸ்ரர் சிரித்தா.

வைகாசி போச்சு. ஆனி போச்சு. ஓகஸ்ட் வந்தது. பெட்டி கட்ட உதவி செய்யவென்று தவமணி பொலோனியாவுக்குப் போய்விட்டா. சனிக்கிழமை லொறி வருகிறது, சாமான் ஏற்றுகிறார்கள் என்று போனில் சொன்னா.

அந்தத் திங்கட்கிழமை குணநாயகத்தார் வந்தபோது சிஸ்ரர் ஸ்திரிப்பெட்டியை எடுக்கவில்லை. பையைத் தோளில் கொழுவிக்கொண்டு கதவடியில் நின்றா.

"இண்டைக்குப் படிப்பு இஞ்ச இல்லை. வாங்கோ."

இரண்டு பேரும் சந்தைத் தெருவால் நடந்தார்கள். சிஸ்ரர் ஒன்றும் படிப்பிக்கவில்லை. கத்தரிக்காய் விலை கேட்டா, கறிவேப்பிலை மணந்து பார்த்தா. காதைத் திறந்துகொண்டு வாங்கோ என்று மட்டும் சொன்னா.

காதைத் திறந்தால், எங்கே பார்த்தாலும் அந்தச் சொல்தான். மீன்காரன் இன்னொரு மீன்காரனிடம் எப்படிப் போகுது என்று கேட்கிறான், கோமே வா. அவன் நல்லாப் போகுது என்கிறான், வா பேனே. பால்கடைக்காரி ஒரு போத்தலை மணந்துவிட்டு, பால் கெட்டுப்போச்சு என்று ஊற்றுகிறாள். அதிலும் அந்தாரேதான், பால் கெட்டதுக்குப் போய்விட்டதாம். ஒரு கிழவர் காவல்காரனைப் பிடித்து, இந்தக் கதவு பூட்டவேண்டிய கதவல்லவோ என்று ஏசுகிறார். அதற்கும் ஒரு வா. பூட்டுவதற்கும் கெடுவதற்கும் இந்தச் சனம் போகிற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

வேறு சொல்லே இல்லையோ இவங்களிட்ட என்று குணநாயகத்தார் புறுபுறுத்தார்.

ஒரு பெண் கடைசி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டுப் புருஷனைப் பார்த்து, இயோ வாதோ, என்றாள். நான் போறன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெங்காயத்தை எண்ணிக்கொண்டிருந்தான். குணநாயகத்தார்தான் நடந்த நடையில் நின்றுவிட்டார்.

சந்தை முடிகிற இடத்தில் பஸ் தரிப்பு. பஸ்ஸும் வந்தது. சிஸ்ரர் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினா.

"ஐயா, நான் போறன்."

தமிழில்தான் சொன்னா. மன்னார்ப் பிள்ளை, வாய் தவறிச் சொல்லுகிற ஆள் இல்லை. குணநாயகத்தார் கொஞ்சநேரம் அடுத்த பாதி வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். வரவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

"சிஸ்ரர், போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ," என்று பஸ்ஸின் பின்னால் ஓடினார். பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? மடத்தை விட்டுப் போகிறாவோ? வருத்தம் கிருத்தம் ஏதும் வந்து ஒளிக்கிறாவோ? மேலே கடவுள் கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் வாயால் சொல்லிவிட்டாவே. திட்டவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

விடிந்தவுடன் வேலைக்கு வரவில்லை என்று சினோராவுக்குச் சொல்லிவிட்டு நேரே மடத்துக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் வேலைக்குப் போகாமல் நின்ற முதல் நாள் அது.

கதவைத் திறந்தது வயதான இத்தாலியச் சகோதரி ஒருத்தி. மெற்றில்டா எங்கே போனா என்று கேட்டார். தோவே அந்தாத்தா. பிழையில்லாமல் வந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. போய்விட்டா என்றாள் அவள். எப்போது வருவா என்று கேட்டார். அவள் தோளைக் குலுக்கி, வா அ சபேரே என்றாள். ஆருக்குத் தெரியும் என்பதை இவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள், போய் அறிந்துகொள் என்று.

சரி, போய் அறிவம் என்று குணநாயகத்தார் வெளிக்கிட்டார்.

கோயிலில் கேட்டார். பஸ்காரனைக் கேட்டார். மெழுகுதிரி விற்கிறவளைக் கேட்டார். கன்னியாஸ்திரி ஒருத்தி போனாவோ, எந்தப் பக்கம் போனா, தனியவோ போனா, நீங்கள் போகேக்க கண்டீங்களோ. கேள்வி கேள்வியாக இத்தாலியன் ஓடி வந்தது. மாடிப்படி கழுவுகிற மனிசன் நடுத்தெருவில் நின்று ஆள் மாற்றி ஆள் மறித்துக் கதைக்கிறார், ஒரு கூச்சமும் இல்லை. மெழுகுதிரிக்காரி கையை மேலே காட்டினாள். சாந்தா ரொசாலியா மலைக்கு.

அந்த மலை எங்கட ஆக்களுக்கு ஒன்றும் புதிதில்லை. சைவக்காரர் வேதக்காரர் என்று பார்க்காமல் எல்லாரும் நேர்த்தி வைத்து ஏறுகிற மலை. ஆனால் ஆவணி வெயிலில், மத்தியானத்தில், றப்பர் செருப்போடு ஏறுகிறவனை ஆரும் கண்டதில்லை. குணநாயகத்தார் ஏறினார். கல்பதித்த பாதையில் வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினார். திரும்பிப் போவமோ என்று ஒருதரமும் நினைக்கவில்லை.

பாதிமலையில் பாதையோரம் ஒரு சின்னச் சிற்றாலயம். அதன் வாசல் கல்லில் உருகிக் காய்ந்த மெழுகை ஒரு கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தா சிஸ்ரர் மெற்றில்டா.

குணநாயகத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது.

"உங்களுக்கென்ன விசரோ சிஸ்ரர்?"

கேட்டுவிட்டு, மன்னிக்கச் சொன்னார். பிறகும் கோபம் போகவில்லை. சிஸ்ரர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தா.

"ஏன் ஐயா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"என்ன கேள்வி இது? போறன் எண்டு ஒராள் சொல்லிப்போட்டுப் போனா, கேட்டவன் வீட்டில இருப்பானோ? தேடி வரத்தானே வேணும்."

சொல்லிமுடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

சிஸ்ரர் கரண்டியைக் கீழே வைத்தா. கீழே பலெர்மோ முழுவதும் வெயிலில் கிடந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

"மகன் வாசலில நிண்டு சொல்லேக்க, நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

இத்தனை காலமும் ஆரும் அவரை அப்படிக் கேட்கவில்லை. தவமணி கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்கவில்லை. அவர் எல்லாருக்கும் சொன்னது மகன் சொன்னதை மட்டும்தான்.

போட்டு வாறன் என்று ஒருவன் சொன்னால் வீட்டில் இருக்கிறவன் போட்டு வா என்பான். போறன் என்று வாய் தவறிச் சொன்னாலும், அப்படிச் சொல்லாதை, போட்டு வா என்று மறித்துத் திருத்துவான். எங்கட வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. படலையடியில் நின்று பெரியவர்கள் திருத்தாத பிள்ளை இல்லை.

"ரீவியின்ர சத்தத்தைக் கூட்டினனான்," என்றார்.

சிஸ்ரர் கரண்டியை எடுத்துத் திரும்பவும் சுரண்டத் தொடங்கினா.

குணநாயகத்தார் கொஞ்சநேரம் அந்தக் கல்லில் இருந்தார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும், துவாயால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழும்பினார். வழக்கமாக எழும்பும்போது அடுத்த சொல் எப்போது என்று கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை. மலையால் இறங்கினார், ஏறினதை விட வேகமாக.

ரயில் நிலையத்தில் நீட்டுக்கு வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எங்கே என்று கேட்டாள். பொலோனியா என்றார். அவள் நிமிராமலே கேட்டாள்.

"அந்தாத்தா ஏ ரித்தோர்னோ?"

போறதும் வாறதுமோ என்று. குணநாயகத்தார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அட, இவங்களும் சேர்த்துத்தான் சொல்லுறாங்கள்! பின்னால் நின்றவன் தொண்டையைச் செருமினான். போறதும் வாறதும்தான், இரண்டும்தான் என்று அவசரமாகச் சொல்லி, இடம் இருந்த வெள்ளிக்கிழமை ரயிலுக்குச் சீட்டை வாங்கினார். வரிசையை விட்டு வந்து அந்தச் சீட்டை இரண்டு தரம் வாசித்தார்.

மெசினாவில், தீவு முடிகிற இடத்தில், ரயிலையே பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். அவர் மேல்தட்டில் நின்று தண்ணீரைப் பார்த்தார். தவமணி ஒவ்வொரு வருஷமும் இதால்தான் போய் வந்தாவோ என்று நினைத்தார். ஒருநாளும் அவவிடம் வழி எப்படி என்று கேட்டதில்லை. ரோமில் ரயில் மாறவேண்டும் என்றார்கள், மாறினார். எந்தத் தளம் என்று கேட்டார், கேட்டு ஓடினார். சனிக்கிழமை, விலாசம் எழுதின துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பொலோனியாவில் இறங்கியபோது, சேட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

அந்த ஊரில் நடைபாதையெல்லாம் வளைவு வளைவாகக் கூரை போட்டது. கூரைக்குக் கீழேயே நடந்துகொண்டு போனார். லொறி வந்திருக்குமோ, போயிருக்குமோ என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தார். வந்திருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. பாதிக்கு மேல் சாமான் ஏற்றியாச்சு.

வாசலடியில் கடதாசிப் பெட்டிகள். அதில் ஒரு பெட்டிக்கு மேலே, காவலுக்கு வைத்த ஆள் மாதிரி, ஒரு சின்னப் பிள்ளை காலை ஆட்டிக்கொண்டிருந்தது. சுருண்ட தலைமயிர். கறுத்த பெரிய கண்.

போனில் தவமணியின் தோளுக்கு மேலால் களவாகப் பார்த்த முகம். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு அவரைத் தெரியவில்லை.

ரயிலில் வந்த நேரமெல்லாம் சொல்லிப் பார்த்த வசனங்கள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அவர் பெட்டிகளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

பிள்ளைதான் முதலில் கதைத்தாள். எங்கள் சாமானைத் தொடக்கூடாது என்றாள். நாங்கள் ஜேர்மனிக்குப் போறம் என்றாள். பிறகு, வழியில் நிற்கிற ஆளிடம் கேட்கிற சாதாரணக் கேள்வியாக, தலையைச் சரித்துக் கேட்டாள்.

"ஏ தூ, தோவே வாய்?"

நீங்கள் எங்கே போறீங்கள்?

குணநாயகத்தார் பையைக் கீழே வைத்தார். நிமிர்ந்து நின்றார்.

"இயோ வாதோ," என்றார். திரும்பவும் தொடங்கினார். "வாதோ தா மியோ ஃபீல்யோ."

நான் என்ர மகனிட்டப் போறன்.

பிள்ளை அதைச் சரியென்று எடுத்துக்கொண்டாள். இந்தக் கட்டடத்திலோ என்று கேட்டாள். ஓம் என்றார். எத்தனையாம் மாடி என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. மகன் எந்த மாடியில் இருக்கிறான் என்று தெரியாத தகப்பனைப் பிள்ளை ஆச்சரியமாகப் பார்த்தாள். சரி, பேரைச் சொல்லுங்கோ, எனக்கு எல்லாரையும் தெரியும் என்றாள்.

"சேந்தன்."

காலாட்டுவது நின்றது.

"அது என்ர பப்பாவின்ர பேர்," என்றாள் இத்தாலியனில்.

அவர் தலையை ஆட்டினார். பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்தாள், நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள், றப்பர் செருப்பைப் பார்த்தாள். மேலே ஜன்னலில் ஆரோ பெட்டிக்கு நாடா ஒட்டுகிற சத்தம் கேட்டது.

பிறகு பெட்டியிலிருந்து தொப்பென்று குதித்தாள். பாவாடையைத் தட்டிவிட்டு, அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துப் படிப்பக்கம் இழுத்தாள்.

"அந்தியாமோ," என்றாள். போவம் என்று.